முன்னாள் படைவீரர் சங்கம் ஊருக்குள் இறங்கி வேலை செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

முன்னாள் படைவீரர் சங்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சி. மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையாக நிற்கும் பெரியவர்கள், மலர்வளையம், இரண்டு நிமிட மௌனம், அப்புறம் அவரவர் வீடு. முதல் உலகப் போர் ஓய்ந்து சரியாக ஓராண்டு கழித்து, 1919 நவம்பர் 11 அன்று கடைப்பிடிக்கத் தொடங்கிய அந்த மௌனம் இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மற்ற நாட்களில் சங்கத்தின் கதவு பூட்டியே கிடந்தால், அந்த வரிசையில் நிற்கப் புதிதாக ஆள் வருவதில்லை. படையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்கள் தங்களுக்கு ஒரு வேலை இருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். ஊருக்கு வேலை செய்யும் சங்கத்தில்தான் அவர்கள் தங்குகிறார்கள்.

இப்படி ஒரு சங்கத்தின் பொதுப்பணிக் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களுக்குப் பலன் தந்ததையும், நாங்கள் தவறு செய்து திருத்திக்கொண்டதையும் சேர்த்து, எந்த ஊர்ச் சங்கமும் பின்பற்றக்கூடிய வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: யாருக்கு என்ன வேலை தெரியும் என்று கணக்கெடுங்கள்

சங்கங்களின் பதிவேட்டில் பெயர், பதவி, படைப்பிரிவு, ஓய்வு பெற்ற ஆண்டு ஆகியவை இருக்கும். பொதுப்பணிக்கு இவை போதாது. ஒரு பக்கப் படிவம் தயார் செய்யுங்கள். அதில் ஐந்து கேள்விகள் போதும். பணியில் இருந்தபோது தினமும் நீங்கள் செய்த வேலை என்ன? இப்போதும் அதைச் செய்ய முடியுமா? அதைப் பிறருக்குக் கற்றுக் கொடுத்த அனுபவம் உண்டா? மாதத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? செய்ய விரும்பாத வேலை எது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மேடையில் பேச மாட்டேன், மருத்துவமனைக்குள் வர மாட்டேன், வெடிச்சத்தம் கேட்கும் இடத்துக்கு வர முடியாது என்று சிலர் எழுதுவார்கள். காரணம் கேட்காமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பாதிகூடத் திரும்பி வராது. போனில் பேசி நீங்களே நிரப்புங்கள். எங்கள் சங்கத்தில் ஒருவர் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் எழுந்து போவார். படிவத்தில் 'ஸ்டோர்' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். பேசிப் பார்த்தபோது, இருபது ஆண்டுக்கு மேல் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் என்று தெரிந்தது. அடுத்த முறை வெள்ள நிவாரணப் பொருட்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்து எல்லாரும் திகைத்து நின்றபோது, அவர் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் கட்டங்கள் போட்டார். மருந்து, போர்வை, குழந்தைகளுக்கானவை, துணி, பயன்படாதவை. கட்டத்துக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு நோட்டு. உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக இன்னொரு வாசல். மதியத்துக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று எங்களால் எண்ணிச் சொல்ல முடிந்தது. அதுவரை அந்த மனிதரை நாங்கள் நாற்காலி எடுத்துப் போடத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் மனம் வருந்துகிறது.

பெண் வீரர்களையும் இந்தக் கணக்கெடுப்பில் மறக்காதீர்கள். 'வீரர்களும் அவர்தம் மனைவியரும் வருக' என்று அச்சடித்த அழைப்பிதழைப் பார்க்கும் பெண் வீரருக்கு அந்தச் சங்கத்தில் தனக்கு இடமில்லை என்றுதான் தோன்றும். அப்புறம் வீரர்களின் துணைவர்கள், வளர்ந்த பிள்ளைகள், உயிர் நீத்தவர்களின் குடும்பத்தார். இவர்களில் கணக்கு எழுதத் தெரிந்தவர், ஆசிரியர், செவிலியர் எனப் பலர் இருப்பார்கள்.

இரண்டாவது படி: ஊரிடம் போய்க் கேளுங்கள்

என்ன செய்யலாம் என்று சங்க அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பள்ளித் தலைமை ஆசிரியர், சுகாதார நிலைய ஊழியர், தீயணைப்பு நிலைய அதிகாரி, முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள் என ஐந்தாறு பேரை நேரில் பாருங்கள். இருவராகப் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் எழுத. ஒரே கேள்வி போதும்: "ஆள் இல்லாததால் நடக்காமல் கிடக்கும் வேலை என்ன?" உங்கள் திட்டத்தைச் சொல்லி அவர்களிடம் ஒப்புதல் வாங்கும் சந்திப்பாக இது மாறிவிடக் கூடாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பதிலை ஒரு வாரத்துக்குள் கட்டாயம் சொல்லுங்கள், 'எங்களால் முடியாது' என்பதாக இருந்தாலும் சரி.

மூன்றாவது படி: ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஊர் கேட்டதும் உங்களுக்குத் தெரிந்ததும் எங்கே ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதோ அங்கே தொடங்குங்கள். இரண்டு ஆண்டு விடாமல் நடத்த முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அதைவிடச் சிறியதாக எடுங்கள். ஒரே மாதத்தில் நான்கு பணிகளைத் தொடங்கிய ஆண்டில் எங்களால் ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை.

படைவீரர் சங்கங்களுக்கு இயல்பாக அமையும் பணிகள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலுதவிப் பயிற்சி. இதை நான் முதலிடத்தில் வைப்பேன். இடம், பணம் எல்லாம் குறைவாகவே தேவை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர் ஒருவர் இருந்தால் அது பெரிய பலம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ரத்தப்போக்கை நிறுத்துவது பற்றிக் கற்ற பாடங்களை வைத்துத்தான் 2015-இல் அமெரிக்காவில் 'ஸ்டாப் தி பிளீட்' என்ற பொதுமக்கள் பயிற்சி இயக்கம் தொடங்கியது. போர்க்களத்தில் கற்றது விபத்து நடந்த சாலையிலும் உயிரைக் காக்கும் என்பதே அதன் அடிப்படை. வகுப்பில் இரண்டே இரண்டு விஷயங்களைக் கற்றுக் கொடுங்கள்: காயத்தை நேரடியாக அழுத்திப் பிடிப்பது, சி.பி.ஆர். (இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை விடாமல் அழுத்தும் முதலுதவி). பெரியவர் ஒருவருக்கு நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கேட்கச் சுலபம். பயிற்சிப் பொம்மையின் மேல் செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தோள் வலிக்கும். அதனால்தான் ஆள் மாற்றி ஆள் செய்யப் பழக்க வேண்டும். இருபது பேருக்கு ஐந்து பொம்மைகள் என்று வையுங்கள். ஐம்பது பேரைக் கூட்டினால் நாற்பது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மருத்துவ வழிமுறைகள் அவ்வப்போது மாறுகின்றன. எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் இப்போதைய சான்றிதழ்ப் பயிற்சியை முடித்த பிறகே வகுப்பு எடுக்க வேண்டும்.

பேரிடர் உதவி. 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் இருந்த ஜேக் வுட், வில்லியம் மெக்நல்ட்டி ஆகியோர் ஒரு சிறு குழுவோடு அங்கே போய் இறங்கினார்கள். 'டீம் ரூபிகான்' என்ற பெரிய தன்னார்வ அமைப்பாக அது வளர்ந்தது. குழப்பத்துக்கு நடுவே குழுவாக இயங்கப் பழகியவர்கள் என்பதால் இந்த வேலை வீரர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் உள்ளூர் நிர்வாகம் கூப்பிடாமல் போய் நிற்காதீர்கள். யார் தலைமையில், எந்தப் பகுதியில், என்ன வேலை என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் பேசி முடித்து வையுங்கள்.

மரம் நடுதல். பலரும் முதலில் சொல்லும் யோசனை இது, பாதியில் நின்றுபோவதும் இதுதான். இந்தியாவில் முசோரி மலைச்சரிவுகள் சுண்ணாம்புக்கல் குவாரிகளால் மொட்டையாகிக் கிடந்தன. அங்கே 1982-இல் முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டு பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் பட்டாலியன் ஒன்றை அமைத்தார்கள். மலை மறுபடி பச்சையானதற்கு அவர்கள் அங்கேயே முகாமிட்டு ஆண்டுக்கணக்கில் கன்றுகளைப் பேணியது முக்கியக் காரணம். ஒரு நாள் விழாவாக நட்டுவிட்டு வந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. நீங்களும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒருவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடிய அளவுக்கு மட்டும் நடுங்கள். முப்பது கன்று நட்டு இருபத்தைந்து பிழைத்தால் அது நல்ல வேலை.

நினைவுகளைப் பதிவு செய்தல். அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் ஒரு சட்டம் இயற்றி, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் வீரர்களின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே கொடுக்கும் பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல போன் ஒன்றும் அமைதியான அறையும் போதும். கல்லூரி மாணவர்கள் கேள்வி கேட்க, சங்கத்தவர் பதில் சொல்லட்டும். "போர் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் பேச்சு வராது. "முதல் நாள் முகாமுக்குள் நுழைந்தபோது கையில் என்ன கொண்டுபோனீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தகரப் பெட்டி, அம்மா கட்டிக் கொடுத்த துணிமூட்டை, முகவரி எழுதிய காகிதம் என்று கதை தானாக அவிழும். பதிவை யார் கேட்கலாம், எங்கே வைக்கலாம் என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் நடுவில் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் 'அடுத்த மாதம் வருகிறோம்' என்று சொல்லிவைத்த இரண்டு பேர் அந்த அடுத்த மாதத்துக்கு முன்பே போய்விட்டார்கள்.

இறந்தவர்களின் குடும்பங்கள். ஆஸ்திரேலியாவில் 1923-இல் மெல்போர்னில் ஸ்டான்லி சாவிஜ் தொடங்கிய 'லெகசி', போரில் இறந்த தோழர்களின் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்வதையே தன் முழு வேலையாக எடுத்துக்கொண்டது, இன்றும் நடக்கிறது. இதற்கு மேடையோ பேனரோ வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சங்கத்தில் ஒருவர் பொறுப்பு. மாதம் ஒரு போன், ஓய்வூதியத் தாள்களில் சிக்கல் என்றால் கூடவே போய் அலுவலகத்தில் உட்காருவது, பிள்ளைகளின் படிப்பு பற்றி விசாரிப்பது. வெளியே தெரியாத வேலை என்பதால் பல சங்கங்கள் இதைக் கடைசியில் வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இளைஞர்களுக்கான விளையாட்டு, பேச்சுப்போட்டி போன்றவையும் நன்றாக நடக்கும். அமெரிக்க முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியன் 1925-இல் தொடங்கிய இளைஞர் பேஸ்பால் போட்டி நூறாண்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஓடத் தெரிந்த, விசில் ஊதத் தெரிந்த நான்கு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

நான்காவது படி: பணம், அனுமதி, அரசியல்

பொதுப்பணிக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். எடுக்க இரண்டு கையெழுத்து. ஒவ்வொரு ரசீதுக்கும் வரிசை எண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சங்க வாசலில் ஒட்டுங்கள். எங்கள் ரசீதுப் புத்தகத்தில் ஒருமுறை நான்கு தாள்கள் காணவில்லை. யாரும் பணம் எடுக்கவில்லை. தப்பாக எழுதியதைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். ஆனால் நன்கொடை தந்த ஒருவர் கேட்டபோது எங்களால் நிரூபிக்க முடியவில்லை. அந்த ஆண்டு முழுக்க நாங்கள் போன இடமெல்லாம் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய் நின்றது. தப்பான ரசீதைக் குறுக்கே கோடிட்டு, புத்தகத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.

நிதி திரட்டும்போது, பணம் கொடுப்பவர் கையில் ஏதாவது ஒன்று போய்ச் சேருவது நல்லது. பிரிட்டனில் 1921-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் சங்கமான பிரிட்டிஷ் லீஜியன் அதே ஆண்டு செந்நிறப் பாப்பிப் பூக்களைக் கொடுத்து நிதி திரட்டியது. மறு ஆண்டே, போரில் ஊனமுற்ற வீரர்கள் அந்தப் பூக்களைச் செய்வதற்கென ஒரு தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. நிதி திரட்டும் பொருளே வேலைவாய்ப்பாகவும் ஆனது. இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7 அன்று கொடிநாளுக்குக் கொடுக்கும் சிறு கொடியும் இதே வழிதான்: சட்டையில் குத்திக்கொண்ட கொடி, அதைப் பார்க்கும் இன்னொருவருக்கும் நினைவூட்டுகிறது.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி வேண்டாம். பொது இடம் என்றால் உள்ளாட்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். தன்னார்வலர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுக்க முடிந்தால் எடுங்கள். குழந்தைகள் இருக்கும் எந்த நிகழ்ச்சியிலும் பெரியவர் ஒருவர் தனியாக ஒரு குழந்தையுடன் இருக்கக் கூடாது. பதக்கம் எத்தனை வாங்கியவராக இருந்தாலும் இந்த விதி பொருந்தும்.

அரசியல். அமெரிக்கன் லீஜியனின் அமைப்பு விதிகளில், சங்கம் அரசியல் சார்பற்றது என்றும் அரசுப் பதவிக்குப் போட்டியிடும் எந்த வேட்பாளரையும் முன்னிறுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் விதிகளிலும் எழுதுங்கள். உறுப்பினர் தன் சொந்த வாழ்க்கையில் எந்தக் கட்சியிலும் இருக்கலாம். சங்கத்தின் பேனருக்குக் கீழே நிற்கும்போது கூடாது. தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் தாமாகவே வந்து படம் எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அந்த மாதங்களில் மேடை நிகழ்ச்சியே வைக்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாவது படி: அறிவிப்பு எழுதுவது

எங்கள் முதல் நோட்டீஸ் இப்படி இருந்தது: 'மாபெரும் முதலுதவிப் பயிற்சி முகாம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை. அனைவரும் வருக.' கூடவே ஆறு பேர் படம். வந்தவர்கள் பதினொரு பேர், அதில் ஏழு பேர் எங்கள் வீட்டார்.

அடுத்த முறை இப்படி எழுதினோம்: 'உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று மயங்கி விழுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வீர்கள்? ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர்கள் இரண்டு மணி நேரத்தில் கற்றுத் தருகிறார்கள். கட்டணம் இல்லை. 20 பேருக்கு மட்டும் இடம். ஞாயிறு காலை 10 மணி, சங்கக் கட்டடம்.' அடியில் ஒரு போன் எண். மூன்றே நாளில் இடம் நிரம்பி, அடுத்த ஞாயிறுக்கும் பெயர் எழுதினார்கள்.

படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். பெயர்களும் படங்களும் நிகழ்ச்சி முடிந்த பிறகு வரட்டும். வாட்ஸப்பில் அனுப்புவதோடு, சுகாதார நிலையம், நூலகம், பள்ளி வாசல் ஆகிய இடங்களில் காகிதமாகவும் ஒட்டுங்கள். உள்ளூர்ச் செய்தியாளருக்கு நீளமான அறிக்கை வேண்டாம். ஐந்து வரியும் வேலை நடக்கும்போது எடுத்த ஒரு படமும் போதும்.

ஆறாவது படி: பள்ளிக்குப் போகும் நாள்

இதற்குத்தான் அதிகமான தயாரிப்பு தேவை. வீரர்கள் பள்ளிக்குப் போய்ப் பேசுவது எளிது என்று நினைக்கிறோம். ஆனால் பத்து வயதுக் குழந்தை கையைத் தூக்கி, "நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்கும். குழந்தையின் மேல் தவறில்லை. அதற்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு மனிதர் பேச்சை நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அறையில் இருந்த யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முந்தைய வாரமே ஆசிரியர் மாணவர்களின் கேள்விகளை எழுதி வாங்கி அனுப்புவார். பேசப் போகிறவர் எதற்குப் பதில் சொல்வார், எதற்கு மாட்டார் என்று அவரே முடிவு செய்வார். அந்தக் கேள்வி எப்படியும் வந்தால் சொல்ல ஒரு பதிலையும் முன்பே சொல்லிப் பழகுவோம்: "அதைப் பற்றி நான் பேசுவதில்லை, தம்பி. என் கூட இருந்த நண்பர்களைப் பற்றிக் கேள், சொல்கிறேன்." எப்போதும் இருவராகப் போவோம். ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் மற்றவர் பேச்சை எடுத்துக்கொள்வார்.

என்ன பேசலாம்? வரைபடம் படிப்பது, திசைகாட்டியைப் பிடிப்பது, மோர்ஸ் குறியில் தங்கள் பெயரைத் தட்டுவது, ஒரு முடிச்சுப் போடுவது என்று கைக்கு வேலை கொடுங்கள். நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் பேச்சு, மீதி செயல். படையில் சேரச் சொல்லி ஆள் சேர்க்கும் நிகழ்ச்சியாக இதை மாற்றாதீர்கள். பெற்றோரும் ஆசிரியரும் உங்களை நம்பி வகுப்பறைக்குள் விட்டிருக்கிறார்கள்.

ஏழாவது படி: உங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

சிலருக்குப் பட்டாசுச் சத்தம், டீசல் வாடை, பெரிய கூட்டம் இவை உடம்பை நடுங்கச் செய்யும். வெள்ள நிவாரண வேலையில் பார்த்த காட்சிகள் பழையதைக் கிளறும். ஒவ்வொரு பெரிய பணிக்குப் பிறகும் இரண்டு மூன்று நாளில் எல்லாரையும் போனில் கூப்பிட்டுத் தூக்கம் எப்படி என்று கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சீக்கிரம் சொல்பவரை நேரில் போய்ப் பாருங்கள். மனநல ஆலோசகர் ஒருவரின் எண்ணை முன்பே பேசி வாங்கி வையுங்கள். பணிக்கு வராமல் நின்றுவிட்டவரைக் கோழை என்றோ சோம்பேறி என்றோ யாரும் சொல்லாதபடி தலைவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டாவது படி: முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள்

பணி முடிந்த அன்றோ மறுநாளோ, நினைவு மங்குவதற்குள் அரை மணி நேரம் உட்காருங்கள். ராணுவங்களில் பயிற்சி முடிந்ததும் கேட்கும் நான்கு கேள்விகளையே கேளுங்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி? அடுத்த முறை எதை மாற்றுவது? பதவி பார்க்காமல் எல்லாரும் பேச வேண்டும். வயதில் சிறியவர் முதலில் பேசினால் பெரியவர் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பழக்கம் வராது. குறை சொல்லும் கூட்டமாக ஆகாமல் ஒருவர் நடத்தட்டும், ஒருவர் எழுதட்டும்.

வந்தவர் எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, முதலுதவி கற்றவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் நினைவிருக்கிறது, எத்தனை குடும்பத்துக்கு இந்த மாதம் போன் போயிற்று என்று எழுதுங்கள். இந்த நோட்டு இருந்தால் பொறுப்பாளர் மாறினாலும் பணி நிற்காது. அடுத்து வருபவருக்கு, யாரைப் பார்க்க வேண்டும், சாவி எங்கே இருக்கிறது, பொம்மைகளை எப்படிச் சுத்தம் செய்வது என்பது வரை அதில் இருக்க வேண்டும்.

அப்புறம், கூட்டத்தை முடிக்கும் முன் அடுத்த பணியின் தேதியை வாசலில் உள்ள பலகையில் எழுதிவிட்டு, அதற்குப் பொறுப்பான இருவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் பலகையில் இப்போது 'ஸ்டோர்' ஐயாவின் பெயர் இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு நான்கு இளைஞர்களுக்குக் கிடங்கு வேலை பழக்கப் போகிறார். சாக்பீஸ் பெட்டி ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று.